ஸ்போர்ட்ஸ் கூபேக்குக் கட்டுப்படியான விலையில் சக்கரமும் சஸ்பென்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் எதை மாற்ற வேண்டும்? சக்கரத்தையா, சஸ்பென்ஷனையா?

இரண்டுக்கும் முன்பாக டயரைப் பாருங்கள். சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. வயதான அல்லது தரம் குறைந்த டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனுக்குச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி வீணாகும். அடுத்ததாக, வண்டியில் ஏற்கெனவே உள்ள ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட் ஆகியவற்றை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் சோதிக்கக் கொடுங்கள். பத்து ஆண்டுகள் ஓடிய கூபேயில் தளர்ந்துபோன புஷ்களை மாற்றினாலே வண்டி பாதி புதிதாகிவிடும். அந்தத் தளர்ச்சியின் மேல் புதிய ஸ்பிரிங்கைப் பொருத்தினால், முன்பு மறைந்திருந்த ஆட்டமெல்லாம் வெளியே தெரியத் தொடங்கும்.

இவை சரியாக இருந்தால் சஸ்பென்ஷனுக்கு முதலிடமும் சக்கரத்துக்கு இரண்டாமிடமும் கொடுப்பேன். ஆனால் வாங்கும் வரிசை வேறு, திட்டமிடும் வரிசை வேறு. எந்த அகலச் சக்கரம், எந்த அளவு டயர் என்பதை முதலிலேயே தாளில் எழுதி முடிவு செய்துவிடுங்கள். சக்கரத்தின் உட்புற விளிம்புக்கும் ஷாக்கின் உடலுக்கும் இடையிலான சில மில்லிமீட்டர்கள்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

சக்கரம் என் வண்டிக்குப் பொருந்துமா என்பதை எப்படி அறிவது?

ஐந்து அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் (இதையே பி.சி.டி. என்கிறோம்), நடுவில் உள்ள ஹப் துளையின் விட்டம் (ஹப் என்பது சக்கரம் பொருந்தும் அச்சு முகப்பு), ஆஃப்செட் (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்), ரிம்மின் அகலம், பிரேக் காலிப்பருக்கு (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகத்துக்கு) வேண்டிய இடைவெளி. இவற்றில் பி.சி.டி. மட்டும் சமரசத்துக்கு இடமில்லாதது. 2012இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட். இரண்டுக்கும் 5×100 (ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம்). நிஸான் 370 இசட், ஃபோர்டு மஸ்டாங் ஆகியவற்றுக்கு 5×114.3. பி.எம்.டபிள்யூ.வின் பழைய 3 வரிசைக் கூபேகள் பலவற்றுக்கு 5×120. 112க்கும் 114.3க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. “கொஞ்சம் இழுத்து முறுக்கினால் உட்கார்ந்துவிடும்” என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடுங்கள். அப்படி முறுக்கிய போல்ட் ஒரு பக்கமாக வளைந்தபடியே இறுகும்; பிறகு ஓடும்போது சோர்வுற்று முறியக்கூடும்.

ஹப் துளை சற்றுப் பெரிதாக இருப்பதில் தவறில்லை. விற்பனையாளர்கள் பல வண்டிகளுக்குப் பொருந்தும்படி 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையுடன் சக்கரம் செய்கிறார்கள். டொயோட்டா 86இன் ஹப் 56.1 மி.மீ. என்பதால் இடையில் ஒரு வளையம் தேவைப்படும். அது பிளாஸ்டிக்காக இருந்தாலும் போதும். பொருத்தும்போது சக்கரத்தை நடுவில் நிறுத்துவதே அதன் வேலை. பாரத்தைத் தாங்குவது, போல்ட்டின் இறுக்கத்தால் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் உராய்வு. தொடர்ந்து சர்க்யூட்டில் ஓட்டிப் பிரேக்கைச் சூடாக்குகிறவர்கள் அலுமினிய வளையத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

நட்டையும் மறந்துவிடாதீர்கள். 86க்கு 12×1.25 புரி (12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி இடைவெளி), பல டொயோட்டா, ஹோண்டா வண்டிகளுக்கு 12×1.5. வெளிச்சந்தைச் சக்கரங்களில் பெரும்பாலானவை 60 பாகைக் கூம்பு வடிவ இருக்கை (நட்டு அமரும் குழி) கொண்டவை. ஹோண்டாவின் நிறுவன நட்டுகளோ உருண்டை முகம் கொண்டவை. முகம் மாறினால் நட்டு இறுகியது போலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது.

ஆஃப்செட் என்பதைக் கணக்காகப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும், இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் நல்லது. ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக இருந்தால் அது நேர் எண். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும்.

வண்டியுடன் வந்தது 7 அங்குல அகலம், +48 ஆஃப்செட் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்க நினைப்பது 8 அங்குலம், +45. ஒரு அங்குலம் 25.4 மி.மீ.; அகலம் கூடியதில் பாதி, அதாவது 12.7 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் சேரும். ஆஃப்செட் 3 மி.மீ. குறைந்ததால் சக்கரம் முழுவதும் 3 மி.மீ. வெளியே நகரும். ஆகவே வெளி விளிம்பு 15.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 9.7 மி.மீ. உள்ளே போகும். இப்போது வண்டியின் அடியில் குனிந்து, ஷாக்கின் உடலுக்கும் டயருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 9.7 மி.மீ. போக இன்னும் 5 மி.மீ.யாவது மிஞ்சினால் நிம்மதி. வெளிப்பக்கம், முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பிய நிலையிலும், ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையிலும் ஃபெண்டரில் உரசாமலிருக்க வேண்டும்.

ஆஃப்செட்டை மிகவும் குறைத்தால் ஸ்டீயரிங் அச்சுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறி, மேடு பள்ளங்களில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். பேரிங் மீதும் சுமை கூடும். பார்வைக்காக +20க்கு இறங்குகிறவர்கள் இந்த விலையைத் தினமும் ஓட்டும்போது கொடுக்கிறார்கள்.

18 அல்லது 19 அங்குலத்துக்குப் போகலாமா?

மொத்த டயர் விட்டம் அதிகம் மாறாத வரை போகலாம். 215/45 ஆர்17 டயரின் (215 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 45 விழுக்காடு, 17 அங்குல ரிம்) விட்டம் சுமார் 625 மி.மீ. 18 அங்குலத்தில் 215/40 என்றால் 629. 225/40 என்றால் 637, அதாவது ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதல். இந்த இரண்டாவது அளவில், வேகமானி 100 காட்டும் இடத்தில் முன்பைவிட 2 கி.மீ. அதிகமாகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். 3 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம், ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆகியவை எதிர்பார்க்கும் அளவிலிருந்து விலகாமலிருப்பது நல்லது.

செலவைக் குறைக்க விரும்புகிறவருக்கு என் அறிவுரை 17 அங்குலத்திலேயே நிற்பதுதான். டயர் மலிவு, பக்கச்சுவர் உயரம் என்பதால் பள்ளத்தில் ரிம் வளையும் வாய்ப்பு குறைவு, எடையும் குறைவு. பெரிய பிரேக் வைத்த வண்டிகளுக்கு மட்டும் காலிப்பரின் இடம் கருதி 18 தேவைப்படலாம்.

சக்கரத்தின் எடை உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். சக்கரம், டயர், பிரேக், ஹப் ஆகியவை ஸ்பிரிங்கின் மேல் உட்காராத எடை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்த எடையைத்தான் ஷாக் கட்டுப்படுத்த வேண்டும். எடை குறைந்தால் டயர் சாலையை விடாமல் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும். கூடவே சக்கரம் சுழலவும் செய்கிறது. எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதன் இருமடிக்கு ஏற்பச் சுழற்சித் தடை கூடுவதால், ரிம் விளிம்பில் குறையும் ஒரு கிலோவுக்கு நடுப்பகுதியில் குறையும் ஒரு கிலோவைவிட மதிப்பு அதிகம். 19 அங்குலத்துக்கு மாறும்போது உலோகம் முழுவதும் வெளிநோக்கி நகர்கிறது என்பதால், தராசில் எடை சமமாக இருந்தாலும் வண்டி சோம்பலாக முடுக்கம் எடுப்பதை உணர்வீர்கள். விற்பனைப் பக்கத்தில் எடையைக் குறிப்பிடாத சக்கரம் பெரும்பாலும் கனமானதாகவே இருக்கும். கேட்டு எழுதி வாங்குங்கள்.

மலிவான சக்கரம் பாதுகாப்பானதா?

மலிவு என்பதால் மட்டும் ஆபத்தானது இல்லை. யார் செய்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று தெரியாததே ஆபத்து.

உருகிய அலுமினியத்தைத் தன் எடையாலேயே அச்சில் இறங்கவிடுவது ஒரு முறை. குறைந்த அழுத்தம் கொடுத்துக் கீழிருந்து நிரப்புவது அதைவிட நெருக்கமான உலோகம் தரும் முறை. வார்த்தெடுத்த சக்கரத்தைச் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அதன் பீப்பாய்ப் பகுதியை (டயர் அமரும் உருளைப் பகுதியை) அழுத்தி நீட்டுவது ஃப்ளோ ஃபார்மிங். இதில் பீப்பாயின் உலோகம் நெருக்கமாவதால் மெல்லியதாகவும் உறுதியாகவும் செய்ய முடிகிறது. என்கெய் நிறுவனம் மேட் என்ற பெயரில் செய்வது இவ்வகைதான். கோனிக் நிறுவனமும் இந்த வகைச் சக்கரங்களைத் தருகிறது. ஒற்றைக் கட்டியை அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு சக்கரம் இன்னும் மேலானது, விலையும் அப்படியே. கட்டுப்படியான விலை என்ற எல்லைக்குள் நிற்பவருக்கு ஃப்ளோ ஃபார்மிங் சக்கரமே மிகச் சிறந்த தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

சோதனை முத்திரைகளைத் தேடுங்கள். ஜே.டபிள்யூ.எல். என்பது ஜப்பானின் இலேசு உலோகச் சக்கரங்களுக்கான தரம். வளைவுச் சோர்வு, சுழலும் உருளையின் மேல் அழுத்தும் சோர்வு, மோதல் ஆகிய மூன்று சோதனைகளை அது கேட்கிறது. இதைத் தயாரிப்பாளர் தாமே அறிவித்துக்கொள்ளலாம். வி.ஐ.ஏ. முத்திரையும் சேர்ந்திருந்தால் வெளி அமைப்பொன்றின் சோதனைக்குப் பின் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். ஜெர்மனியின் டியூவ் (TÜV) சோதனை அமைப்பின் ஒப்புதலும் நம்பத்தக்கது. முத்திரையைப் போலியாக வார்க்கவும் முடியும் என்பதால், புகழ்பெற்ற வடிவத்தைப் பெயர் தெரியாத ஆலை நகலெடுத்து விற்பதை வாங்கவே வேண்டாம். ரேஸ் (Rays) நிறுவனத்தின் டி.இ.37 என்ற ஃபோர்ஜ்டு சக்கரம் உலகெங்கும் நகலெடுக்கப்படுகிறது. ஃபோர்ஜ்டு உலோகத்துக்காக வரையப்பட்ட மெல்லிய கைகளை (ஸ்போக்குகளை) சாதாரண வார்ப்பில் செய்தால், ஒன்று கனமாகச் செய்ய வேண்டும், இல்லையேல் பலவீனமாகத்தான் இருக்கும்.

சக்கரத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பாரத் திறனையும் பாருங்கள். வண்டியின் தகட்டில் உள்ள அதிகபட்ச அச்சுப் பாரத்தில் பாதிக்கு அது குறையக் கூடாது. 1,000 கிலோ அச்சுக்கு 500க்கு மேல் தாராளமாக இருக்கட்டும்.

பழைய சக்கரம் வாங்கலாமா?

நல்ல நிறுவனத்தின் பழைய சக்கரம் பெயரில்லாத புதியதைவிடச் சிறந்தது. பேலன்ஸ் எந்திரத்தில் டயரில்லாமல் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உட்புற விளிம்பில்தான் வளைவு அதிகம் இருக்கும். விற்பவர் அனுப்பும் புகைப்படங்கள் அதைக் காட்டாது. கைகள் நடுப்பகுதியில் சேரும் இடத்திலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். வெல்டிங் செய்து சரிப்படுத்திய ரிம் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அந்தச் சூடு சுற்றியுள்ள உலோகத்தின் பதத்தைக் கெடுத்துவிடுகிறது. புதிதாகக் கனத்த பெயின்ட் அடித்ததும் சந்தேகத்துக்கு உரியது. டயரோடு சேர்த்து வாங்கினால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாமா?

ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே வைக்கும் தட்டு. சரியான ஆஃப்செட் உள்ள சக்கரத்தை வாங்குவதே முறை. 3 முதல் 5 மி.மீ. தேவைப்பட்டு, நட்டு குறைந்தது போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழத்துக்குப் புரியைப் பற்றுமானால் மட்டும் போடலாம். 12 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. ஆழம். அதற்கு மேல் நீளமான போல்ட் வேண்டும்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷாக்கை வைத்துக்கொள்ளலாமா?

மிகவும் அடிக்கடி வரும் கேள்வி இது. பலரும் பணத்தை இழக்கும் இடமும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 300 கிலோ, சக்கரத்தில் அளந்த ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 30 நியூட்டன் என்று கொள்வோம். அந்த மூலை விநாடிக்கு சுமார் 1.6 முறை மேலும் கீழும் ஆட முயலும். விறைப்பை இரட்டிப்பாக்கி 60 ஆக்கினால் ஆட்டம் 2.25 ஆகும், இருமடங்கு ஆவதில்லை, ஏனெனில் இது விறைப்பின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. அந்த ஆட்டத்தை அடக்க ஷாக் தர வேண்டிய தடையும் அதே விகிதத்தில், சுமார் 41 விழுக்காடு கூட வேண்டும். பழைய ஷாக்கிடம் அவ்வளவு தடை கிடையாது. விளைவாக, விறைப்பான ஸ்பிரிங் தன் வலிமையைத் திருப்பித் தரும்போது அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல், வண்டி மேட்டைத் தாண்டிய பிறகும் துள்ளும். பலர் இதை “ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது” என்று விவரிக்கிறார்கள். உண்மையில் அவர்கள் உணர்வது கட்டுப்பாடின்மையை.

20 மி.மீ. தாழ்த்தி, விறைப்பை 15 அல்லது 20 விழுக்காடு மட்டும் கூட்டும் மிதமான ஸ்பிரிங், உதாரணமாக ஐபாக் ப்ரோ கிட் போன்றது, புத்தம் புதிய நல்ல ஷாக்கோடு ஒத்துப்போகலாம். 60,000 கி.மீ. ஓடிய ஷாக்கோடு சேர்க்க வேண்டாம். வேலைக்கூலி ஒருமுறைதான் கொடுக்க வேண்டும்; பிரித்த கையோடு ஷாக்கையும் மேல் மவுன்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

மலிவான காயில்ஓவரா, நல்ல ஷாக்கும் ஸ்பிரிங்குமா?

காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய தொகுப்பு. சாலையில் ஓட்டும் வண்டிக்கு, இரண்டும் ஒரே விலையானால், தனித்தனி ஷாக்கும் ஸ்பிரிங்குமே என் தேர்வு. பில்ஸ்டீன் பி8 தாழ்த்திய வண்டிக்கென்றே குறுகிய நீளத்தில் செய்யப்பட்டது. உயரத்தை மாற்றாதவர்களுக்கு பி6. கோனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் ஷாக்கில் ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் மீண்டும் நீளும்போது தரும் தடையை) திருகி மாற்றலாம். இந்த நிறுவனங்கள் ஒரே மாதிரியான வால்வு அமைப்பைத் திரும்பத் திரும்பத் தரும் ஒழுங்கு உடையவை. மிக மலிவான காயில்ஓவர்களில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் தடை வேறுபடுவது உண்டு. 32 படிகள் என்று விளம்பரப்படுத்தினாலும் அவற்றில் பாதி ஒரே உணர்வைத் தரலாம். படிகளின் எண்ணிக்கை தரத்தின் அளவுகோல் ஆகாது.

உயரத்தை மூலைக்கு மூலை சரிசெய்யும் தேவை உண்மையிலேயே உள்ளவர்கள், அல்லது சர்க்யூட்டுக்கும் சாலைக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவர்கள் காயில்ஓவர் வாங்கட்டும். அப்போது டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட், பி.சி. ரேசிங்கின் பி.ஆர். வரிசை ஆகியவை விலைக்கு உரிய பொருள் தருபவை. முன்னது மூடி முத்திரையிட்ட இரட்டைக் குழாய் அமைப்பு. பின்னது ஒற்றைக் குழாய் அமைப்பு. பழுது பார்த்து வால்வை மாற்றவும் முடியும். வாங்குமுன் கேட்க வேண்டியவை: உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்குமா, மறுசீரமைப்பு செய்வார்களா, உயரத்தைக் கீழ்ப்பகுதியின் திருகால் மாற்றலாமா. ஸ்பிரிங் இருக்கையை இறக்கித்தான் உயரத்தைக் குறைக்க முடியும் என்றால் ஷாக்கின் அமுங்கும் தூரமும் சேர்ந்து குறையும்.

எவ்வளவு தாழ்த்தலாம்?

முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தின் மேல் தாங்கியாகவும் இருக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் 25 மி.மீ.க்குள் நில்லுங்கள். 86, பி.ஆர்.இசட்., மஸ்டாங் மூன்றும் இவ்வகை. கீழ்க் கை (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் பாகம்) கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயும்போது, வண்டி சாயும் மையப்புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், தாழ்த்திய வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய முற்படும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங், பிறகு இன்னும் வலுவான ஷாக் என்று செலவு நீளும். டை ராடின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின்) கோணமும் மாறி, மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும். போதாததற்கு, ஷாக் அமுங்கக் கிடைக்கும் தூரம் குறைந்து, வண்டி எந்நேரமும், அமுங்கலைக் கடைசியில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே உட்கார்ந்து ஓடும்.

ஸ்டெபிலைசர் பார் மாற்றுவது பயன் தருமா?

இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் கம்பி இது; குறைந்த செலவில் சாய்வைக் குறைக்க நல்ல வழி. முன்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் வண்டி வளைவில் வெளியே தள்ளும். பின்பக்கம் மட்டும் என்றால் பின்பகுதி எளிதில் வழுக்கும். பின்சக்கர இயக்கக் கூபேயில், குறிப்பாக ஈரச் சாலையில், பின்னால் அதிகம் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

பொருளின் விலையோடு டயர் மாற்றும் கூலி, பேலன்ஸ், டயர் அழுத்த உணரி, நட்டு, ஹப் வளையம், மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப், வேலைக்கூலி, வீல் அலைன்மென்ட் ஆகிய எல்லாவற்றையும் கூட்டுங்கள். இந்தச் சில்லறைகள் சேர்ந்து பெரிய தொகையாகும். தொகை போதவில்லையென்றால் ஒன்றைத் தள்ளிப் போடுங்கள். தரத்தைக் குறைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். வண்டியுடன் வந்த சக்கரத்திலேயே நல்ல டயரும் நல்ல ஷாக்கும் போட்டவர், கனமான 19 அங்குலச் சக்கரமும் மலிவான காயில்ஓவரும் போட்டவரைவிட எல்லா வளைவிலும் நிம்மதியாக ஓட்டுவார்.

காப்பீடு, சட்டம் பற்றி என்ன செய்ய வேண்டும்?

வாங்குமுன் உங்கள் பகுதியின் வாகன விதிகளைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

பொருத்திய பிறகு கவனிக்க வேண்டியவை யாவை?

கீழ்க் கைகளின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. ரப்பர் அந்த நிலையில் ஒட்டிக்கொண்டு, வண்டி தரையில் நின்றதும் நிரந்தரமாக முறுக்கேறி, சில மாதங்களில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகே கடைசி இறுக்கம். இதைச் செய்யாத பட்டறைகள் ஏராளம் என்பதால் நீங்களே நினைவூட்டுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். சாலையில் ஓட்டுவதற்கு, முன்சக்கரங்களில் 1 முதல் 1.5 பாகை எதிர்க் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) சுழியத்துக்கு நெருங்கிய டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பல கூபேகளுக்கு ஒத்துவரும். டயரின் உட்புறம் வேகமாகத் தேய்வதற்குக் கேம்பரைவிடத் தவறான டோவே பெரும்பாலும் காரணம். வண்டி தாழ்ந்ததால் முகப்பு விளக்கின் ஒளிக்கற்றையும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்யுங்கள்.

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால், நட்சத்திர வரிசையில், வண்டிக்குக் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள்; 86க்கு அது 120 நியூட்டன் மீட்டர். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பின் சக்கரம் ஆறியதும் மறுபடி சோதியுங்கள். புதிய சக்கரத்தின் பெயின்ட் இருக்கையில் அமுங்கி இறுக்கம் சற்றுத் தளர்வது இயல்பு.